ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப்

ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் (மார்ச் 22, 1881 – ஜூலை 6, 1960) ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்திலும் சுவிட்சர்லாந்திலும் தொழில் நடத்திய கடிகார வணிகர் ஆவார். ரோலக்ஸ் கடிகார நிறுவனத்தை உருவாக்கியவர் இவரே. கைக்கடிகாரம் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்ட காலத்தில், அதன் துல்லியத்துக்கு ஆய்வகச் சான்றிதழ் பெற்று அக்கருத்தை மாற்றியவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமைக்காலம்

வில்ஸ்டோர்ஃப் பவேரியா மாநிலத்தின் குல்ம்பாக் நகரில் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் பெற்றோர் இருவரையும் இழந்தார். குடும்ப வணிகத்தை விற்ற தாய்மாமன்மார் இவரைக் கோபுர்க் நகரில் உள்ள விடுதிப் பள்ளியில் சேர்த்தனர். படிப்பு முடிந்தபின் ஜெனீவாவில் முத்து வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். 1900 இல் சுவிட்சர்லாந்தின் லா சோ-டி-ஃபோன் நகரிலிருந்த கூனோ கோர்ட்டன் என்னும் கடிகார ஏற்றுமதி நிறுவனத்தில் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் எழுத்தராகச் சேர்ந்தார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பைக்கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்து, அவை நேரம் தவறாமல் ஓடுகின்றனவா எனப் பார்ப்பதும் இவரது வேலையாக இருந்தது. வில்ஸ்டோர்ஃப் கடிகாரம் செய்யக் கற்றவர் அல்லர். கடிகாரங்களைச் சோதித்துப் பழகியவர் என்பதே பொருந்தும்.

இலண்டனில்

1903 இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்த இவர், 1905 இல் ஆல்ஃபிரட் டேவிசுடன் சேர்ந்து வில்ஸ்டோர்ஃப் அண்ட் டேவிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் பியேன் நகரிலுள்ள ஏக்லர் தொழிலகத்திலிருந்து சிறிய உட்பொறிகளை வரவழைத்துக் கைக்கடிகாரங்களாக விற்றார். 1908 இல் ரோலக்ஸ் என்னும் பெயரைப் பதிவு செய்தார்.

அக்காலத்தில் ஆண்கள் பைக்கடிகாரத்தையே நம்பினர். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சட்டைப் பையிலுள்ள கடிகாரம் பெரும்பாலும் நிமிர்ந்தே இருக்கும். கையில் கட்டியதோ ஓயாமல் திரும்பும், குலுங்கும், வெயிலும் குளிரும் படும். இயந்திரக் கடிகாரத்தின் நேரத்தை வகுப்பது முன்னும் பின்னும் ஊசலாடும் ஒரு சிறு சக்கரமும் அதனுடன் இணைந்த மயிரிழை போன்ற சுருள்வில்லும் ஆகும். நிலை மாறினால் ஊசலும் சற்றே மாறும்; வெப்பம் கூடினால் வில் தளரும். பொறி சிறியதாகுந்தோறும் இப்பிழைகளை அடக்குவது கடினம். ஆகவே வணிகரின் வாய்மொழி உறுதி இங்கு எடுபடவில்லை; கடிகாரத்தை விற்காத ஒருவரின் சான்று வேண்டியிருந்தது.

சான்றிதழ்கள்

1910 இல் ரோலக்ஸ் கைக்கடிகாரம் ஒன்று பியேன் நகரின் அரசுசார் கடிகாரச் சோதனை நிலையத்தில் குரோனோமீட்டர் சான்றிதழ் பெற்றது. கைக்கடிகாரம் ஒன்று இத்தகைய சுவிஸ் சான்றிதழைப் பெற்றது அதுவே முதன்முறை. இதனினும் பெரியது 1914 ஜூலை 15 அன்று கிடைத்த இங்கிலாந்தின் கியூ வானாய்வகத்து 'ஏ' வகுப்புச் சான்றிதழ். 45 நாட்கள் நடந்த அச்சோதனையில் கடிகாரம் ஐந்து நிலைகளிலும், குளிர்பெட்டி, அறை, சூடேற்றிய அடுப்பு என மூன்று வெப்பநிலைகளிலும் வைக்கப்பட்டு, அதன் நாள்பிழை குறிக்கப்பட்டது. கப்பற் பயன்பாட்டுக்கான கடிகாரங்களும் பெரிய பைக்கடிகாரங்களும் எட்டிய தரத்தை ஒரு சிறு கைக்கடிகாரம் எட்டியது வணிகர்களை வியக்க வைத்தது.

எனினும் தேர்ச்சி பெற்றது தனியொரு கடிகாரமே. சோதனைக்கென்று தேர்ந்த வினைஞர் நாட்கணக்கில் சீர்செய்த கடிகாரம் ஒன்று தேறுவதால், கடையில் வாங்குபவரின் கடிகாரமும் அவ்வாறே ஓடும் என்று கொள்ள இயலாது. வில்ஸ்டோர்ஃப் அச்சான்றிதழ்களை விளம்பரத்துக்கு நன்கு பயன்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் அதனுடன் நில்லாமல், விற்பனைக்கு வரும் கடிகாரங்களையே பெருமளவில் சோதனை நிலையங்களுக்கு அனுப்பினார். இவரது உண்மையான சாதனையாக இதனையே கூற வேண்டும். சான்றிதழ் பெற்ற 50,000 ஆவது ரோலக்ஸ் கடிகாரம் சுவிஸ் படைத்தலைவர் ஆன்றி கிசானுக்கு வழங்கப்பட்டது.

ஜெனீவாவும் பிற்காலமும்

முதல் உலகப் போரின்போது பிரித்தானியா விதித்த இறக்குமதி வரியால் நிறுவனம் சுவிட்சர்லாந்துக்கு நகர்ந்து, 1920 இல் ஜெனீவாவில் பதிவு பெற்றது. 1926 இல் நீர்புகாத ஆயிஸ்டர் கூடு வெளிவந்தது. துல்லியத்துக்கும் இது தேவையாயிற்று. தூசியும் ஈரமும் புகுந்தால் எண்ணெய் கெட்டுச் சான்றிதழ் பெற்ற பொறியும் தவறிவிடும். 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். வேறொரு பெண்ணின் பொய்க்கூற்றால் இவரது நீச்சலும் ஐயத்துக்கு உள்ளாகவே, அதனை மெய்ப்பிக்க மீண்டும் நீந்தினார். அப்போது ஆயிஸ்டர் கடிகாரத்தை உடன் கொண்டு சென்றார். கடுங்குளிரால் அந்நீச்சல் முற்றுப்பெறவில்லை, கடிகாரமோ நிற்கவில்லை. வில்ஸ்டோர்ஃப் அதனை டெய்லி மெயில் இதழின் முதற்பக்க விளம்பரமாக வெளியிட்டார். 1931 இல் கை அசைவினாலேயே முறுக்கேறும் பெர்பெச்சுவல் பொறி அறிமுகமானது.

1944 இல் மனைவி புளோரன்ஸ் மறைந்தார். பிள்ளைகள் இல்லாத இவர் 1945 இல் ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் அறக்கட்டளையை நிறுவினார். நிறுவனத்தின் உரிமை இவருக்குப் பின் அதனிடம் சென்றது. 1960 இல் ஜெனீவாவில் காலமானார்.

இவருக்குப் பின்

1969 இல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் வந்தபின், இயந்திரக் கடிகாரம் துல்லியத்தில் அதற்கு ஈடாகவில்லை. இருப்பினும் சான்றளிக்கும் வழக்கம் மறையவில்லை. 1973 இல் சுவிட்சர்லாந்தின் சோதனை நிலையங்கள் காஸ்க் என்னும் ஒரே அமைப்பின்கீழ் வந்தன. அங்கு உட்பொறிகள் 15 நாட்கள், ஐந்து நிலைகளிலும் மூன்று வெப்பநிலைகளிலும் சோதிக்கப்படுகின்றன. இயந்திரப் பொறியின் சராசரி நாள்பிழை −4 முதல் +6 நொடிக்குள் இருத்தல் வேண்டும். இச்சோதனை கூட்டில் பொருத்தாத பொறிக்கே உரியது. ரோலக்ஸ் நிறுவனம் 2015 இல், கூட்டில் பொருத்திய கடிகாரத்தைத் தானே மீண்டும் சோதித்து −2 முதல் +2 நொடிக்குள் அமையச் செய்யும் முறையை அறிவித்தது.