முறைக்காய்ச்சலின் கணக்கை அறிந்தவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

விலங்கியல் பயில்வோரில் கோல்கி உறுப்பை அறியாதார் இலர். செல்லின் படம் வரையும்போதெல்லாம் அப்பெயரை எழுதுகிறோம். அப்பெயருக்குரிய மாமனிதர் மலேரியாவின் புதிரையும் விடுவித்தவர் என்பதை இவ்வாண்டுதான் நூலகத்தில் படித்து அறிந்தேன்.

காமில்லோ கோல்கி 1843ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் வட இத்தாலியில் கோர்த்தேனோ என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். பாவியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1865இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1872இல் தீரா நோயாளருக்கான மருத்துவமனை ஒன்றில் பணியேற்றார். அங்கே ஆய்வுக்கூடம் கிடையாது. சமையலறையே ஆய்வுக்கூடம் ஆயிற்று! நரம்புச் செல்லைக் கறுப்பாகக் காட்டும் புகழ்பெற்ற சாய முறையை 1873இல் அங்கேதான் கண்டார். பின்னர்ப் பாவியாவில் பேராசிரியரானார்.

1880இல் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். ஒரே ஒட்டுண்ணிதான் பல வடிவம் கொள்கிறது என்பது அவர் கருத்து. 1885 முதல் கோல்கி நோயாளிகளின் இரத்தத்தை நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்தார். காய்ச்சல் வரும் நேரத்தையும் குறித்தார். ஒட்டுண்ணிகள் வளர்ந்து, பிரிந்து, சிவப்பணுக்களை உடைத்து ஒருங்கே வெளிவரும் வேளையில்தான் குளிரும் காய்ச்சலும் வருகின்றன என்று கண்டார். ஒரு வகைக்கு அந்தச் சுற்று 48 மணி நேரம். மற்றொன்றுக்கு 72 மணி நேரம். ஆகவே அவை வெவ்வேறு ஒட்டுண்ணிகள் என்றார்.

அப்படியாயின் சிலருக்குத் தினமும் காய்ச்சல் வருவது ஏன்? விடை இரத்தத்திலேயே இருந்தது. 72 மணி நேர ஒட்டுண்ணியின் ஒரு கூட்டம் மட்டும் இருந்தால் காய்ச்சல் முதல் நாளும் நான்காம் நாளும் வரும். ஒருநாள் பிந்திய இன்னொரு கூட்டமும் இருந்தால் இரண்டு நாள் காய்ச்சல், ஒரு நாள் ஓய்வு. மூன்று கூட்டங்கள் இருந்தால் ஓய்வே இல்லை! ஒரே உடலில் பல படைகள் தனித்தனிக் கடிகாரத்தோடு வாழ்கின்றன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் கஷாயம், கம்பளி, கூலி போயிற்றே என்ற கவலை, அவ்வளவுதான். அது எந்நாளில், எம்மணிக்கு வந்தது என்று எவரும் குறித்ததில்லை. குறித்து வைப்பதே அறிவியலின் முதற்படி என்பதைக் கோல்கியின் வரலாறு எனக்கு உணர்த்தியது.

ஒரே இனத்தின் வேறுபட்ட மரபு வகைகளும் ஒருவர் உடலில் கலந்திருக்கும் என்பது இன்று தெரிந்த செய்தி. அவை ஒரே சிவப்பணுக்களுக்காகப் போட்டியிடுகின்றன. எலிகளில் நடந்த சோதனைகளில், தனியே பெருகும் அளவுக்கு ஒரு வகை கூட்டத்தில் பெருகவில்லை. ஆனால் மருந்துக்கு அடங்கும் வகை அழிந்ததும், அடங்காத வகை தடையின்றிப் பெருகியது. களைக்கொல்லிக்குப் பின் தப்பிய களை வயல் முழுவதும் பரவுவது போலத்தான்! மருந்தளிப்பது எத்துணைக் கவனத்துக்குரிய செயல் என்பது இதனால் விளங்கும்.

1898இல் செல்லினுள் தம் பெயர் தாங்கும் உறுப்பைக் கண்ட கோல்கி, 1906இல் காஹலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1926 ஜனவரி 21ஆம் நாள் பாவியாவில் மறைந்தார். நோய் ஒன்றுபோல் தோன்றினும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று காட்டிச் சென்ற அப்பெருமகனை, அடுத்த முறை செல்லின் படம் வரையும்போது நினைவு கொள்வோமாக!