தீக்குச்சியை நடக்க வைத்த மனிதர்



2012-ல் வந்த 'நான் ஈ' படத்தை நம்மில் பார்க்காதவர் குறைவு. ஒரு ஈ கோபப்படுகிறது, பழி வாங்குகிறது, நாமும் அதுக்காகக் கை தட்டுகிறோம். படம் முடிஞ்சதும் திரையில் வரிசையாகப் பெயர்கள் ஓடும். அதைப் படிக்க யாரும் நிற்பதில்லை. ஆனால் அந்த ஈக்கு உருவம் கொடுத்து, சிறகடிக்க வைத்தவர்கள் எல்லாம் அந்தப் பெயர்களில்தான் இருக்கிறார்கள்.

அந்த வரிசையில் என் பெயரும் ஒருநாள் வரவேண்டும் என்பது என் ஆசை. என் நோட்டுகளின் கடைசிப் பக்கம் எல்லாம் யாளியும் பூதமுமாகத்தான் இருக்கும். மேலகரத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் இந்த வேலையை நம் நாட்டில் முன்னோடியாகச் செய்த ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவர் தாதாசாகேப் பால்கே.

பல தொழில் கற்றவர்

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870 ஏப்ரல் 30-ல் நாசிக் பக்கம் திரியம்பகத்தில் பிறந்தார். 15 வயதில், 1885-ல், பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பரோடா கலாபவனில் ஓவியம், கட்டடக்கலை, உருவம் வார்த்தல், போட்டோகிராபி என்று பலதும் படித்தார்.

படித்தவுடன் வாழ்க்கை அமைந்துவிடவில்லை. கோத்ராவில் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். 1900-ல் பிளேக் நோய் வந்து மனைவியையும் குழந்தையையும் கொண்டு போய்விட்டது. ஊரை விட்டே கிளம்பினார். மேஜிக் கற்றுக்கொண்டு, தன் பெயரைத் திருப்பிப் போட்டு, புரொபசர் கெல்பா என்ற பெயரில் வித்தை காட்டினார். தொல்பொருள் துறையில் படம் வரைபவராக இருந்தார். லோனாவாலாவில் ராஜா ரவிவர்மாவின் அச்சகத்தில் வேலை பார்த்தார். நம்ம வீட்டுச் சுவரில் தொங்கும் லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கு வழிகாட்டிய அச்சகம் அது. அப்புறம் சொந்தமாக அச்சகம் வைத்தார், 1909-ல் ஜெர்மனி போய்ப் புதிய எந்திரங்களைப் பார்த்து வந்தார். கூட்டாளிகளோடு ஒத்துவராமல் அதையும் விட்டார்.

வயசு நாற்பது. வேலை கிடையாது. அந்த நேரத்தில்தான் பம்பாயில் ஏசு கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு படம் பார்த்தார். நம்ம ராமனும் கிருஷ்ணனும் இப்படித் திரையில் வரவேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. இரவு பகலாகப் படம் பார்த்தே கொஞ்ச காலம் கண் தெரியாமல் போய், வைத்தியத்தில் திரும்பக் கிடைத்தது.

பட்டாணியும் தீக்குச்சியும்

1912-ல் லண்டன் போய்த் தொழில் கற்று, கேமரா வாங்கி வந்தார். படம் எடுக்கப் பணம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்தார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாத காலம் அதைப் படம் பிடித்தார். ஓட்டிக் காட்டியபோது விதை முளைத்து, கண் முன்னாலேயே கொடியாக எழுந்தது. அதைப் பார்த்துத்தான் கடன் கொடுக்க ஆள் கிடைத்தது. 

மனைவி சரஸ்வதிபாய் நகைகளைக் கொடுத்தார். பிலிமில் துளை போட்டதும் அவர்தான், மொத்தப் படக் குழுவுக்கும் சமைத்துப் போட்டதும் அவர்தான். 1913 மே 3-ல் பம்பாய் காரனேஷன் தியேட்டரில் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது. நடிக்கப் பெண்கள் முன்வராததால் ராணி வேஷம் போட்டது ஓட்டலில் வேலை பார்த்த சாலுங்கே என்ற ஆண்.

1915 வாக்கில் தீக்குச்சிகளை வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். குச்சியைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு பிரேம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு பிரேம். அந்தக் காலத்தில் வினாடிக்குச் சுமார் 16 பிரேம். அப்படியானால் ஒரு நிமிஷப் படத்துக்கு 960 தடவை குச்சியை நகர்த்தணும்! அந்தப் படம் இன்று கிடைக்கவில்லை. ஆனால் இன்றைய அனிமேஷனுக்கும் அடிப்படை அதே வித்தைதான்.

1917-ல் 'லங்கா தகனம்' வந்தது. அனுமார் பறந்தார், இலங்கை எரிந்தது. மதராஸில் வசூலான காசை மாட்டு வண்டியில் ஏற்றி, போலீஸ் காவலோடு கொண்டு போனார்கள் என்று சொல்வார்கள். 1919-ல் 'காளிய மர்த்தனம்'. அவர் மகள் மந்தாகினி சின்னக் கண்ணனாக வந்து காளிய நாகத்தோடு சண்டை போட்டாள். கதையில் மட்டும் கேட்ட நாகத்தை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். ஓவியம், உருவம் வார்த்தல், போட்டோ, மேஜிக் என்று அவர் கற்ற ஒன்றும் வீண் போகவில்லை.

கடைசிக் காலம்

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். கூட்டாளிகளோடு கணக்கு வழக்கில் தகராறு வந்து கம்பெனியை விட்டுக் காசிக்குப் போனார், பிறகு திரும்பி வந்தார். 1931-ல் பேசும் படம் வந்ததும் தொழிலே மாறிவிட்டது. 1937-ல் 'கங்காவதரண்' என்ற ஒரே ஒரு பேசும் படம் எடுத்தார். 90-க்கு மேல் படம் எடுத்தவர், 1944 பிப்ரவரி 16-ல் நாசிக்கில் வசதியில்லாமல் கண் மூடினார். அவர் பேரில் மத்திய அரசு விருது வந்தது 1969-ல். நம்ம சிவாஜி, பாலசந்தர், ரஜினி எல்லாரும் வாங்கிய விருது அது.

நண்பர்களே, அவர் முதல் பாதி வாழ்க்கை நமக்குத் தைரியம், பின் பாதி நமக்கு எச்சரிக்கை. கைத்தொழில் பலதும் கற்றவன் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி பார்ப்பான். ஆனால் கணக்கும் ஒப்பந்தமும் தெரியாதவன் உழைப்பு அடுத்தவன் பைக்குப் போகும். நாம் இன்று படிக்கும் சாப்ட்வேரும் பத்து வருஷத்தில் பழசாகும், அன்றைக்கும் புதுசாகக் கற்கத் தயாராக இருக்கணும். வரையத் தெரிந்த கையோடு இதையும் சேர்த்துக்கொண்டால் சோறு கிடைக்கும் என்றே நம்புகிறேன்.

பால்கேயிடம் இருந்தது கையால் சுற்றும் கேமரா. நம்ம எல்லார் பையிலும் செல்போன் இருக்கிறது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஒன்று வாங்குங்கள். குச்சியை நகர்த்தி நகர்த்தி ஐந்து வினாடி எடுத்துப் பாருங்கள். எழுந்து நடந்தால் எனக்கும் காட்டுங்கள்!