கல்லைப் புரட்டும் நால்வர்

கிரேக்க நாட்டுச் சிற்பி பிடியாஸ் சுமார் 2,450 ஆண்டுகளுக்கு முன்பு தங்கத்திலும் தந்தத்திலும் தெய்வங்களைச் செய்தார். சென்னையில் வெள்ளைக்காரக் கவர்னர் மன்றோ 1839 முதல் வெண்கலக் குதிரை மேலே உட்கார்ந்திருக்கிறார். சாமிக்குச் சிலை உண்டு, துரைக்கும் உண்டு. கூலிக்கு வேலை செய்கிறவனுக்கு யார் வைத்தார்கள்? அப்படி வைத்த ஒருவரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

அவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-இல் ரங்பூரை அடுத்த தாஜ்ஹாட்டில் பிறந்த வங்காளி. இன்று அந்த ஊர் வங்காள தேசத்தில் இருக்கிறது. ஜமீன் குடும்பத்துப் பிள்ளை. அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர், பிறகு சிற்பத்தில் இறங்கினார். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல், கதை எழுதுவது, எதையும் விட்டு வைக்கவில்லை மனுஷர்! 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் இவர்தான். 1957 வரை அங்கேயே இருந்தார். பணிக்கர், தனபால் போன்ற பெரிய கலைஞர்கள் இவரிடம் படித்தவர்கள்.

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1959-இல், மெரினா கடற்கரையில் இவர் செய்த உழைப்பாளர் சிலை திறக்கப்பட்டது. நாலு பேர் ஒரு பெரிய பாறையை நெம்பிப் புரட்டுகிறார்கள். மேலே சட்டை இல்லை. முதுகு வளைஞ்சு, கால் மண்ணில் ஊன்றி, நரம்பெல்லாம் புடைச்சு நிக்குது. அழகு பண்ணி மெழுகவில்லை. களிமண்ணில் விரல் அழுத்திய கரடுமுரடு வெண்கலத்திலும் அப்படியே தெரிகிறது. பாறை இன்னும் புரளவில்லை என்பதுதான் நமக்கு ரொம்பப் பிடித்தது. நால்வரில் ஒருவன் கையை எடுத்தாலும் மற்ற மூவரால் ஆகாது. பிரட்டுக்கு நின்ற நம்ம ஆளுங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிங்காரவேலர் 1923-இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான்.

அதே 1959-இல் மெரினாவில் இவர் செய்த காந்தி சிலையும் திறக்கப்பட்டது. பாட்னாவில் 1942-இல் கொடியேற்றப் போய்த் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஏழு மாணவர்களுக்கும் இவரே சிலை செய்தார். 1958-இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1975-இல் காலமானார்.

கோலா கெத்தில் பக்கத்திலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் அண்ணா சமாதியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் இந்த நாலு பேரும் நிற்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.