ஏன் என்று கேட்ட மருத்துவர்

மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1911ஆம் ஆண்டு அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள எனிஸ்கில்லன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் பொறியியலாளர். பறவைகளை ஆராய்வதிலும் பேரார்வம் கொண்டவர். அவர் ராபின் பறவைகளின் கால்களில் வளையமிட்டு, எந்தப் பறவை எங்கு வாழ்கிறது என்பதை வரைபடத்தில் குறித்து வந்தார். இந்தப் பழக்கம் பிற்காலத்தில் மகனுக்குப் பெரிதும் கைகொடுத்தது.

பதினொரு வயதில் நேர்ந்த விபத்தில் பர்கிட் தம் வலக்கண்ணை இழந்தார். டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்ந்த அவர், பின்னர் மருத்துவத்துக்கு மாறி 1935இல் பட்டம் பெற்றார். ஆப்பிரிக்காவில் பணியாற்ற விண்ணப்பித்தபோது, ஒற்றைக் கண்ணைக் காரணம் காட்டி அவரை மறுத்துவிட்டனர். அவர் மனம் தளரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவராகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். போர் முடிந்தபின், 1946இல் உகாண்டாவில் அறுவை மருத்துவராகப் பணியைத் தொடங்கினார்.

1957ஆம் ஆண்டு, கம்பாலா நகரின் முலாகோ மருத்துவமனையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பரிசோதிக்க அவரை அழைத்தனர். அச்சிறுவனின் தாடையில் இருபுறமும் பெரிய வீக்கங்கள் இருந்தன. பர்கிட் அதுவரை அப்படியொரு நோயைக் கண்டதில்லை. சில வாரங்களுக்குப் பிறகு ஜிஞ்சா நகர மருத்துவமனைக்குச் சென்றபோது, சன்னல் வழியே ஒரு சிறுமியைப் பார்த்தார். அவள் முகத்திலும் அதே வீக்கம்! ஒரு குழந்தைக்கு வந்தால் தற்செயல் எனலாம். இரண்டு குழந்தைகளுக்கு வந்தால் காரணம் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடிப் படித்தார். குழந்தைகளைத் தாக்கும் கொடிய புற்றுநோய் அது என்பது தெளிவாயிற்று. அறுவைச் சிகிச்சையால் அதைக் குணப்படுத்த இயலவில்லை.

இந்நோய் எங்கெல்லாம் காணப்படுகிறது என அறிய, படங்கள் அடங்கிய துண்டறிக்கைகளை ஆப்பிரிக்காவின் பல மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். பிறகு நேரிலும் செல்ல முடிவெடுத்தார். 1961 அக்டோபரில், இரண்டு மருத்துவ நண்பர்களுடன் பழைய வாகனம் ஒன்றில் புறப்பட்டார். பத்து வாரங்களில் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் பயணம் செய்து, வழிநெடுகிலும் மருத்துவமனைகளில் விசாரித்து, வரைபடத்தில் குறித்தார். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் நோய் பரவலாக இருந்தது. குளிர்ந்த மலைப்பகுதிகளில் அரிதாகவே காணப்பட்டது. மலேரியா பரவும் இடங்களோடு இது ஏறக்குறைய ஒத்திருந்தது.

அதே ஆண்டு மார்ச்சில், இலண்டனில் பர்கிட் ஆற்றிய உரையை அந்தோணி எப்ஸ்டீன் என்னும் ஆய்வாளர் கேட்டிருந்தார். இந்நோய்க்கு ஒரு வைரஸ் காரணமாக இருக்கலாம் எனக் கருதிய அவர், உகாண்டாவிலிருந்து நோய்த் திசுக்களை விமானத்தில் வரவழைத்தார். ஏறத்தாழ ஈராண்டுகள் எதுவும் கிட்டவில்லை. 1963 டிசம்பரில், மூடுபனியால் விமானம் வேறு நகருக்குத் திருப்பிவிடப்பட்டு, திசு தாமதமாக வந்து சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்த நீர்மம் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டதென அதை எறிந்திருக்கலாம். எப்ஸ்டீனோ நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உயிருள்ள புற்றணுக்கள் அதில் மிதந்துகொண்டிருந்தன. அவ்வணுக்களை இவோன் பார் என்பவரின் உதவியுடன் ஆய்வகத்தில் வளர்த்தார். 1964இல், பெர்ட் அச்சோங் என்பவரும் இணைந்த அந்த ஆய்வில், மின்னணு நுண்ணோக்கியின்வழி வைரஸ் கண்ணுக்குப் புலப்பட்டது. அதுவே எப்ஸ்டீன்-பார் வைரஸ்.

சில ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், இதை ஆராய்ந்த வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியரின் ஆய்வகப் பணியாளர் ஒருவர் காய்ச்சலுற்றார். அதற்கு முன் அவருடைய இரத்தத்தில் இவ்வைரசுக்கு எதிரான பொருள்கள் இல்லை, நோயுற்றபின் இருந்தன. இதன்வழி, மோனோநியூக்ளியோசிஸ் எனப்படும் சுரப்பிக் காய்ச்சலுக்கும் இதுவே காரணம் என்பது 1968இல் வெளியானது.

இவ்வைரஸ் பெரும்பாலும் எச்சில்வழிப் பரவுகிறது. இரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒருவகையைத் தாக்குகிறது. இளம் வயதினருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுதல், வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வு ஆகியவை உண்டாகின்றன. மண்ணீரல் வீங்கக்கூடும் என்பதால், மருத்துவர் அனுமதிக்கும்வரை மோதி விளையாடும் விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். நோய் நீங்கிய பின்னும் வைரஸ் வாழ்நாள் முழுவதும் உடலில் உறங்கிக் கிடக்கும். உலகில் பெரியவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது உண்டு. எனினும், அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. மலேரியா அடிக்கடி தாக்கும் இடங்களில், குழந்தைகளின் உடலில் இவ்வைரசைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைகிறது. பர்கிட்டின் வரைபடம் உணர்த்திய உண்மை இதுவே.

பர்கிட் காரணத்தைத் தேடியதோடு நிற்கவில்லை. மருந்துகளைக் கொண்டு சிகிச்சையளித்து, சில குழந்தைகளை முழுமையாகக் குணப்படுத்தினார். இன்று, முறையான சிகிச்சை கிடைத்தால் இந்நோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். பிற்காலத்தில் அவர், நார்ச்சத்துள்ள உணவின் நன்மையை உலகுக்கு எடுத்துரைத்தார். 1993இல் இங்கிலாந்தில் காலமானார்.

பெரிய ஆய்வகமோ பெரும் பணமோ பர்கிட்டிடம் இருக்கவில்லை. கண்ட ஒன்றைக் கடந்து போகாமல், ஏன் என்று கேட்கும் மனமே அவரிடம் இருந்தது. ஒற்றைக் கண்ணைக் குறையாகக் கருதிய உலகம் காணத் தவறியதை, அவர் அந்த ஒற்றைக் கண்ணாலேயே கண்டார்.