ஜார்ஜ் காலப்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் தாய்மார் அறிந்த உண்மை. இதனைத் தேர்தற் கணிப்பிற்குப் பயன்படுத்திப் புகழ்பெற்றவர் அமெரிக்கராகிய ஜார்ஜ் காலப் என்பார்.

இவர் 1901-ம் வருஷத்தில் அயோவா மாகாணத்து ஜெபர்ஸன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அம்மாகாணச் சர்வகலாசாலையிற் பயின்று 1928-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1935-ல் பொதுஜன அபிப்பிராயத்தை ஆராயும் நிலையமொன்றை நிறுவினார்.

மறுவருஷம் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. லிட்டரரி டைஜஸ்ட் என்னும் பத்திரிகை இருபது லட்சத்திற்கு மேற்பட்ட விடைச்சீட்டுகளை எண்ணி, லாண்டனே வெல்வார் என முழங்கிற்று. ஆனால் அது வினவியது பெரும்பாலும் டெலிபோனும் மோட்டாரும் உடையாரையே. ஏழைகளின் எண்ணம் அதில் ஏறவில்லை. காலப்போ மிகச் சிறு தொகையினரையே பலதரத்தாரினின்றும் தேர்ந்து வினவி, ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். அவ்வாறே 48 மாகாணங்களுள் 46 ரூஸ்வெல்ட்டின் பக்கம் நின்றன.

எனினும் 1948-ல் டூயி வெல்வார் என்று அவர் கூற, ட்ரூமன் வென்றார். உலகம் நகைத்தது. காலப் தம் பிழையை மறைத்தாரல்லர். தேர்தலுக்குப் பலநாள் முன்னரே வினவலை நிறுத்தியது தவறென உணர்ந்து, தம் முறைகளைத் திருத்திக்கொண்டார். 1984-ல் ஸ்விட்ஸர்லாந்திற் காலமானார்.

கிளறாத பானையும் வேகாத அரிசியும் பதங் காட்டா. முன்னதைப் பிறர் தவற்றாலும், பின்னதைத் தம் தவற்றாலும் கற்ற இப்பெரியாரின் வாழ்வு, கற்போர்க்கெல்லாம் ஒரு பாடமாம்.