பத்து வெள்ளியும் துன் சம்பந்தனும்

கிள்ளானிலிருந்து பந்திங்கை நோக்கிச் செல்லும் சாலை ஜெஞ்சாரோமைக் கடந்து போகிறது. அந்த வட்டாரத்தில் இன்று பெரும்பாலும் கண்ணில் படுபவை செம்பனை மரங்களும் புதிய வீடமைப்புப் பகுதிகளும்தாம். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. சிலாங்கூரிலும் பேராக், கெடா, நெகிரி செம்பிலான், ஜொகூர் மாநிலங்களிலும் பால்மரக் காடுகள் பரந்து கிடந்தன. அவற்றின் நடுவே வரிசை வரிசையாக லயங்கள் இருந்தன. பக்கத்தில் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஓர் ஆயாக் கொட்டகை, ஒரு கடை. பல தொழிலாளர்களின் வாழ்க்கை அந்த எல்லைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்தது. வேலையைக் கொடுத்ததும் வீட்டைக் கொடுத்ததும் தோட்ட நிர்வாகமே. ஆகவே, வேலை போனால் வீடும் போய்விடும். பிள்ளைகளின் பள்ளியும் போய்விடும்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்த ஆபத்து உண்மையாகவே வந்தது. அப்போது மத்திய அமைச்சரவையில் இருந்தவர் வீ. தி. சம்பந்தன்.

வீராசாமி திருஞானசம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். இவருடைய தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைப்பால் உயர்ந்து, ரப்பர் தோட்ட உரிமையாளரானவர். எனவே, சம்பந்தன் லயத்தில் வளர்ந்தவர் அல்லர். முதலாளி வீட்டுப் பிள்ளை. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அவர் பின்னாளில் செய்ததன் அருமை விளங்கும். கோலகங்சாரில் உள்ள கிளிஃபர்ட் பள்ளியில் கல்வி கற்றார். பின்னர், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். அது இந்திய விடுதலைப் போராட்டம் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம். காந்தியடிகளின் கொள்கைகள் அந்த இளைஞரின் மனத்தில் ஆழமாகப் பதிந்தன.

அவருடைய இருபத்தொன்பதாம் பிறந்த நாளன்று, அதாவது 1948 ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிகளுக்கு இடையில் தோட்ட மக்கள் அஞ்சி வாழ்ந்த அந்த ஆண்டுகளில், சொந்த ஊரில் பள்ளி ஒன்றை எழுப்பும் முயற்சியில் சம்பந்தன் இறங்கினார். 1954இல் உருவான மகாத்மா காந்தி கலாசாலை அதன் பயன். அதைத் திறந்து வைத்தவர் பண்டித நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். அந்தத் தமிழ்ப்பள்ளி இன்றும் அதே பெயருடன் இயங்கி வருகிறது.

1955ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை எனலாம். அவ்வாண்டு மலாயா இந்தியர் காங்கிரஸின் ஐந்தாவது தலைவராகத் தேர்வு பெற்றார். அதுவரை அக்கட்சியை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற நகரத்தவர்கள். தோட்டத்துத் தமிழரோடு தமிழில் உரையாடி, அவர்களைக் கட்சிக்குள் கொண்டு வந்தவர் சம்பந்தனே. அதே ஆண்டு ஜூலையில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. வென்றவர்களில் சம்பந்தனும் ஒருவர். துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராகவும், பின்னர்ச் சுகாதார அமைச்சராகவும், 1959 முதல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராகவும் பணியாற்றினார். சாலை, பாலம், தபால் நிலையம், தொலைபேசி எனப் பல பணிகள் அவர் கையில் இருந்தன. எனினும், மக்கள் அவரை நினைப்பது வேறொரு காரணத்திற்காக.

விடுதலைக்குப் பின் நாட்டின் எதிர்காலம் எப்படியிருக்குமோ என்று அஞ்சிய ஐரோப்பிய நிறுவனங்கள் சில தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய வணிகர்கள் பெரிய தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துப் பலருக்கு விற்று இலாபம் கண்டனர். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்பர். ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட தோட்டத்திற்கு நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தேவை. பத்து ஏக்கர் துண்டை வாங்கியவருக்கு அவருடைய குடும்பமே போதும். லயங்களையோ மருத்துவ வசதியையோ பேண வேண்டிய பொறுப்பும் யாருக்கும் இல்லாமற் போனது. மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் பால்வெட்டிய குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் சாலைக்கு வந்தன. இச்சிக்கலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆராய்ந்து விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார்.

துண்டாடலைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஆனால், சட்டம் வரும்வரை தோட்டங்கள் காத்திருக்குமா? சம்பந்தன் வேறு வழியை யோசித்தார். தோட்டம் விற்பனைக்கு வந்தால் அதைத் தொழிலாளர்களே ஏன் வாங்கக்கூடாது? தனியொருவரால் ஆகாதது, ஆயிரம் பேர் சேர்ந்தால் ஆகும். இந்த எண்ணத்தில் 1960இல் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்.

ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அன்றைய தொழிலாளிக்கு அது மிகப் பெரிய தொகை. ஆகவே, பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. அமைச்சர் தோட்டம் தோட்டமாகச் சென்றார். உடன் சென்றவர்களுள் கே. ஆர். சோமசுந்தரம் முக்கியமானவர். வேலை முடிந்து மக்கள் கூடும் நேரத்தில், கோயில் முன்றிலிலும் பள்ளித் திடலிலும் நின்று சங்கத்தைப் பற்றி விளக்கினர். துரையின் நிலத்தை நாம் வாங்குவதா என்று பலர் தயங்கினர். கொடுக்கும் பணம் திரும்பி வருமா என்றும் ஐயுற்றனர். அந்தத் தயக்கத்தில் வியப்பில்லை. பத்து வெள்ளி என்பது ஒரு குடும்பத்தின் பல நாள் அரிசி. அதைக் கேட்டு வாங்கியவருக்கு அதைக் காக்கும் கடமையும் இருந்தது.

சங்கம் முதலில் வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம். அங்கே நிலம் துண்டாகவில்லை. வேலையும் லயமும் பிழைத்தன. நேற்றுவரை கூலிக்கு மரம் சீவியவர்கள், பங்குதாரர் என்ற உரிமையோடு அதே மரத்தின் முன் நின்றனர். அதன் பிறகு மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினர். ஆனால், நாட்டில் துண்டாடப்பட்ட நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது சிறு பகுதியே என்பதையும் மறைக்க இயலாது. சங்கத்தின் கை எட்டாத தோட்டங்களில் இருந்தவர்கள் வேலை தேடி நகரங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர்.

குடியுரிமையும் அக்காலத்தில் பெருங்கவலையாக இருந்தது. விண்ணப்பம் செய்யாமல் காலம் கடத்திய தோட்ட மக்கள் பலர். 1969ஆம் ஆண்டின் மே கலவரத்திற்குப் பின், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. அனுமதி கிடைக்காத பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். சமூகத்தில் மனக்குறை வளர்ந்தது. சம்பந்தன் மென்மையானவர், அமைச்சரவையில் அழுத்திக் கேட்க மாட்டார் என்று கட்சிக்குள் சிலர் குறை கூறினர். பதினெட்டு ஆண்டுகள் தலைமை வகித்த பின், 1973இல் அவர் பதவி விலகினார். கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரும் அவருடைய துணைத்தலைவருமான வெ. மாணிக்கவாசகம் அடுத்த தலைவரானார். போட்டி கடுமையாக இருந்தது. என்றாலும், கட்சி உடையவில்லை.

1967இல் துன் என்னும் உயரிய விருதைப் பெற்றிருந்த சம்பந்தன், 1972 முதல் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சராகப் பணியாற்றினார். 1974இல் அமைச்சரவையிலிருந்து விலகிய பின், தேசிய ஒருமைப்பாட்டு வாரியத்தின் தலைவரானார். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் அவர் கைவிடவே இல்லை. தந்தை விட்டுச்சென்ற ரப்பர் நிலத்தின் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைந்து போயிருந்தது. அரசியலுக்கு வந்து செல்வம் சேர்த்தவர்கள் உண்டு. இவர் இருந்ததை இழந்தவர்.

1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் துன் சம்பந்தன் காலமானார். அவருக்குப் பின் அவருடைய மனைவி தோ புவான் உமாசுந்தரி சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகம் விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர் பெற்றது. பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலையும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அச்சாலையின் அருகிலுள்ள மோனோரெயில் நிலையத்தில் வண்டி நிற்கும்போது, அவரைப் பார்த்திராத பயணிகளின் காதிலும் அந்தப் பெயர் ஒலிக்கிறது.