நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

தமுக்கம் மைதானத்தின் பக்கம் செல்லும்போதெல்லாம் ஒரு சிலையைக் காண்கிறோம். அது யாருடைய சிலை என்று எங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியவில்லை. அது தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் சிலையாகும்.

சுவாமிகள் நம் மதுரையில் பிறந்தவர் அல்லர். 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்புப் பண்டகசாலையில் சிறிது காலம் கணக்கு எழுதினார். பின், 24ஆம் வயதில் நாடகத்தில் சேர்ந்தார்.

எமன், இராவணன், இரணியன் என அவர் ஏற்றவை எல்லாம் பயங்கர வேடங்கள். ஒரு நாள் விடியற்காலையில் சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றாராம். எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி அக்கோலத்தைக் கண்டு அஞ்சி உயிர் துறந்தாள் என்பர். அத்துடன் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார். நாடகத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. எழுதவும் கற்பிக்கவும் தொடங்கினார்.

அக்காலத்துப் பெரிய நடிகர்கள் சொன்ன நேரத்திற்கு வருவதில்லை, எழுதியதைப் பேசுவதுமில்லை. மேடையிலேயே ஒருவரையொருவர் மட்டம் தட்டுவார்களாம். ஆகவே சுவாமிகள் சிறுவர்களை நாடினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் எனப் புகழ் பெற்றவர்கள் அங்கே வளர்ந்தவர்களே. டி. கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு! நம் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள், அம்மா அழைத்துப் போக வரச் சற்றுத் தாமதித்தாலே அழுகிறார்கள். அந்த வயதில் இரவெல்லாம் கண் விழித்து நடிப்பதும் ஊர் ஊராகச் செல்வதும் எளிதாக இருந்திருக்குமா? எங்களுக்கு அது சரியென்று தோன்றவில்லை. எங்களைப் போன்ற சிறுமியருக்கோ அங்கே இடமே இல்லை. சாவித்திரியாகவும் வள்ளியாகவும் பையன்களே நடித்தனர். ஆனாலும் அந்தப் பையன்களிடம் சுவாமிகள் வைத்த அன்பு பெரிது. சண்முகம் நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதிக் கொடுத்தாராம்.

அவர் எழுதிய நாடகங்கள் 60க்கு மேல் என்பர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள் ஆகியவற்றை நம் பெற்றோர் அறிவர். நம் கத்தோலிக்க இல்லங்களில் கதையாகக் கேட்டிருக்கும் ஞானசௌந்தரியும் அவற்றுள் ஒன்று. ஷேக்ஸ்பியரின் ரோமியோவும் ஜூலியத்தும் அவர் கையால் தமிழ் பேசினார்கள்.

இறுதிக் காலத்தில் வாதநோய் அவரைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான பாடல்களைச் சொல்லிக் கொடுத்த வாய் பேச்சிழந்தது. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். அங்கே கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா வந்தால் இன்றும் ஸ்பெஷல் நாடகம் உண்டு. விழாக் குழுவினர் ஓர் இரவுக்கென்று நடிகர்களைத் தனித்தனியே ஏற்பாடு செய்கிறார்கள். வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், முருகன் வேறோர் ஊரிலிருந்து வருவார், நாரதர் இன்னொரு பஸ்ஸில் வந்து இறங்குவார். சிலர் அன்றுதான் முதன்முதலாகச் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனால் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பது சுவாமிகளின் பாட்டையும் வசனத்தையும்தான். ஆர்மோனியக்காரர் சுருதி கூட்டியதும் நாடகம் தொடங்கிவிடுகிறது, முடிய விடிந்துவிடும்.